ஒரு முழக் கயிறு

அந்தப் படத்தில் அவள் முகம் கிடையாது. இரண்டு கைகள், தண்ணீரில் நட்ட ஒரு முளைக்குச்சி, அதில் இழுத்துக் கட்டிய ஒரு கயிறு, அவ்வளவுதான். இடது மணிக்கட்டில் இருக்கும் தீக்காயத் தழும்பை வைத்து அது யார் கை என்று ஊரில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கக் கட்டடத்துக் கதவுக்குப் பக்கத்தில், ஈரம் படாத உயரத்தில், நான்கு மூலையிலும் ஆணி அடித்து அதை மாட்டியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் ‘இப்படிக் கட்டுங்கள்’ என்று அச்சடித்திருந்தது.

ஊர்க்காரர்கள் அவளைப் பாத்தி டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் டீச்சர் இல்லை. வேளாண்மை படித்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கும் ஊர்களுக்கென்று நடக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் களப்பணியாளராக இருந்தாள். ஆனால் கையில் குச்சியோடு நின்று நாலு வார்த்தை பேசினால் ஊருக்கு அவள் டீச்சர்தான். முதலில் ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். பிறகு அந்தப் பெயர் அவளுக்கே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினையோ என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

அது பள்ளத்து ஊர். மழைக்காலம் வந்தால் நாலு மாதம் வயலெல்லாம் நெஞ்சளவு தண்ணீர். அந்த நாலு மாதமும் காய்கறியை வெளியூரிலிருந்து வாங்கித் தின்ன வேண்டும், இல்லையென்றால் வெறும் சோற்றைத் தின்ன வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வெறும் சோறுதான். பாத்தி டீச்சர் கொண்டுவந்தது தெப்பப் பாத்தி. தண்ணீரில் தானாக வளர்ந்து தொல்லை கொடுக்கும் ஆகாயத்தாமரையை அள்ளி, இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, ஏறி மிதித்து, இரண்டு வாரம் மக்க விட்டால் அது ஒரு மெத்தைபோல மிதக்கும். அதன்மேல் மண் உருண்டையில் முளைத்த நாற்றை வைத்தால் கீரை வரும், வெண்டை வரும், பூசணி படரும். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் பாத்தியும் கூடவே ஏறும். வயலை அழிக்கிற வெள்ளத்தின் முதுகிலேயே பயிர் வைப்பது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பாத்தி மிதந்து போய்விடாமல் இருக்க முளைக்குச்சியில் கட்டவேண்டும். கட்டும் கயிறு தாராளமாக இருக்கவேண்டும். நீர் ஏறினால் பாத்தி ஏறும், பாத்தி ஏறக் கயிறு வேண்டும். இதைப் பாத்தி டீச்சர் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. பத்து விஷயம் சொன்னாள், அதில் எட்டாவதாக இதையும் சொன்னாள். எட்டாவது விஷயம் வரும்போது பாதிப் பேர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார்கள்.

படம் எடுத்தது கோடையில், முழங்கால் தண்ணீர் இருந்த ஒரு குட்டையில். அலுவலகத்து மேலாளர் படம்பிடிப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினாள். மேலாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தொய்வாத் தெரியுதும்மா. படத்துல அசிங்கமா இருக்கும். நல்லா இழுத்துக் கட்டு."

"இல்ல சார், தளர்வா இருந்தாத்தான்..."

"படத்துக்குத்தானம்மா சொல்றேன்."

அவள் இழுத்துக் கட்டினாள். முளைக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு முழம். படம் பளிச்சென்று வந்தது. மேலாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, நூறு பிரதி அடிக்கச் சொன்னார். அலுவலகக் கிடங்கில் இருந்தவர் நேர்மையான மனிதர். படத்தைப் பார்த்து அளந்து, கயிற்றை அதே கணக்கில் துண்டு துண்டாக வெட்டி, கட்டுக்கட்டாக ஊருக்கு அனுப்பிவைத்தார். வாய் சொன்னது காற்றோடு போயிற்று, கை காட்டியது சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊரில் முடிச்சு என்றால் ஒரே ஆள்தான். அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டுகிறவர், கொஞ்சம் நிலமும் உண்டு. மாடு அறுத்துக்கொண்டு ஓடினாலும், கூரை காற்றில் பறந்தாலும், கிணற்று வாளி அறுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்கவேண்டும் என்று ஊரில் பேச்சு. முடிச்சுக்காரர் என்பதே அவர் பெயர் ஆகிவிட்டது. "என் கல்யாணத்தைக்கூட நானே முடிச்சுப் போட்டிருந்தா இன்னும் கெட்டியா இருந்திருக்கும்" என்பார், மனைவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அவள் கையில் எது இருக்கிறதோ அது பறந்து வரும்.

முப்பத்தொன்பது குடும்பம் பாத்தி போட்டது. முப்பத்தெட்டுப் பாத்தியை முடிச்சுக்காரரே தன் படகில் போய்க் கட்டிக்கொடுத்தார். மிச்சம் ஒன்று, ஊரில் குறுக்குச்சால் என்று பெயரெடுத்த கிழவருடையது. நல்லதோ கெட்டதோ, யார் எது சொன்னாலும் அதற்கு எதிராக ஒன்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஓசிக் கயிறு எனக்கு வேண்டாம்" என்று அவர் தன் எருமைக் கயிற்றைக் கொண்டுவந்தார். அது ஏழெட்டு ஆள் நீளம். வெட்டச் சொன்னதற்கு, "வெட்டிட்டா அப்புறம் எருமைய எதுல கட்டுறது, உன் மீசையிலயா?" என்று கேட்டு, கயிறு மொத்தத்தையும் தண்ணீரில் மிதக்க விட்டார். ஊரே சிரித்தது.

கட்டத் தொடங்கிய முதல் நாள் முடிச்சுக்காரர் ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தார். பாத்தி டீச்சர் திரும்பிப்போகும் அவசரத்தில் இருந்தாள். மறுநாள் தலைமை அலுவலகத்தில் கூட்டம், அதற்கான அறிக்கை இன்னும் பாதிகூட எழுதியிருக்கவில்லை. படித்துறையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இந்தக் கயிறு..."

"படத்துல இருக்கிற மாதிரியே கட்டுங்கண்ணே. தப்பே வராது."

அவர் கயிற்றைப் பார்த்தார், நின்றவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்துச் சிரித்தார். "சரி டீச்சர்" என்றார். அவள் படகில் ஏறி உட்கார்ந்ததும் அவரேதான் துடுப்பைப் போட்டு அவளை அக்கரையில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் வேறு என்னென்னவோ பேசினார்.

பாத்திகள் பச்சை பிடித்தன. இருபத்தைந்தாம் நாள் முதல் கீரை அறுத்தார்கள். ஒரு பெண் கீரைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு நடுவே நின்று அழுததைப் பாத்தி டீச்சர் தன் கண்ணால் பார்த்தாள். அன்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளம் ஒரு காலைநேரத்தில் வந்தது. மேலே எங்கோ பெய்து, மேலே எங்கோ திறந்துவிட்ட தண்ணீர். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சளவு இருந்தது சமையல் முடிவதற்குள் கழுத்தளவு ஆயிற்று, பிறகு ஆளை விழுங்கும் அளவு ஆயிற்று. குறுக்குச்சாலின் பாத்தி மட்டும் ஒய்யாரமாக மேலே ஏறியது. மற்ற முப்பத்தெட்டும் கயிறு இழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. முளைக்குச்சி அசையவில்லை. முடிச்சு அவிழவில்லை. அது அவர் போட்ட முடிச்சு அல்லவா!

முடிச்சுக்காரர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு படகில் போனார். கரையில் இருந்தவர்கள் வேண்டாம் என்று கத்தினார்கள். அவர் குனிந்து, தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு, கயிற்றை அறுத்தார். அறுத்ததும் பாத்தி பொங்கி மேலே வந்தது. இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது பாத்தி மற்றவற்றைவிட ஆழத்தில் கிடந்தது. அறுபட்டதும் அது படகுக்கு நேர் அடியிலிருந்து கிளம்பியது. படகு கவிழ்ந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவரை இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தார்கள். காலில் அறுந்த கயிறு சுற்றியிருந்தது.

அவர் விடுவித்த பாத்திகள் அத்தனையும் கீழ்க்கரை மரங்களில் போய் ஒதுங்கின. ஊர் அடுத்த ஒரு மாதம் தின்ற பச்சை அவற்றிலிருந்து வந்ததுதான். அவருடைய சொந்தப் பாத்தி அதில் இல்லை. அது இருந்ததோ அவர் வீட்டுக்கு எதிரிலேயே, படகை எடுத்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில். அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

இழவுவீட்டில் கொஞ்சநாள்தான் இரக்கம் இருக்கும். பிறகு வயிறு பேசத் தொடங்கும். "அவன் கட்டினதாலதானே எல்லாம் முழுகிச்சு" என்று முதலில் ஒருவர் சொன்னார். "குறுக்குச்சால் கட்டினது மிதக்கலையா? கட்டத் தெரிஞ்சவன் கட்டணும்" என்றார் இன்னொருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குறுக்குச்சால் கிழவரோ, தன் எருமைக் கயிற்றின் பெருமையை டீக்கடையில் நாள்தவறாமல் பாடினார். முடிச்சுக்காரரின் மனைவியிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அவளை எதற்கும் கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். ஒரு சிறிய ஊரில் ஒரு பெண்ணை உயிரோடு புதைக்க அது போதும்.

பாத்தி டீச்சர் இழவுக்கு வந்தபோது அந்த மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலோடு திரும்பினாள். அலுவலகத்தில் அவள் மேசைமேல் அறிக்கை தட்டச்சாகி வந்து காத்திருந்தது. பாத்திகள் மூழ்கக் காரணம் என்ற இடத்தில், ‘பயனாளிகள் தரப்பில் முறையற்ற கட்டு’ என்று இருந்தது.

"சார், அவங்க நாம குடுத்த படத்தப் பாத்துத்தான் கட்டினாங்க. கயிறே நாம வெட்டிக் குடுத்ததுதான்."

மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு நம்மளுதுன்னு எழுதினா, திட்டத்த இழுத்து மூடிடுவாங்க. அந்த ஊருக்கு மட்டுமில்ல, ஒம்பது ஊருக்கும். அடுத்த மழைக்கு அத்தனை சனமும் என்ன திங்கும்? சொல்லு. தலைக்கு மேல போயிடுச்சும்மா, இனி சாண் என்ன, முழம் என்ன."

முழம்தான் சார், என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. எல்லாமே அந்த ஒரு முழம்தான். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஒன்பது ஊருக்காகத்தான் போட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி வெறும் பயம்.

தண்ணீர் வடிந்து, நெல் போட்டு, அறுத்து, மறுபடி மழைக்காலம் நெருங்கியது. திட்டம் மூடப்படவில்லை. புதிய பாத்திகள் போடச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூட்டினார்கள். பாத்தி டீச்சர் உள்ளே நுழைந்தபோது அந்தப் படம் அதே இடத்தில் இருந்தது. வெள்ளம் அதன் பாதி உயரம்வரை ஏறி ஒரு பழுப்புக் கோடு போட்டிருந்தது. கைகள் கோட்டுக்குக் கீழே இருந்தன.

முடிச்சுக்காரரின் மனைவியும் வந்திருந்தாள். கடைசி வரிசையில், கதவோரம், அவளைச் சுற்றி மூன்று நாற்காலி காலியாக இருந்தது. பெயர் எழுதும்போது சங்கத்தலைவி அவளிடம் வந்து தயங்கினாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வருஷம்? ஒத்த ஆளு. அடுத்த தடவை பாக்கலாம்."

"ஒத்த ஆளுக்கும் வயிறு இருக்குல்ல" என்றாள் அவள், மெதுவாக.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எழுதிக்கங்க. ஆனா இந்தத் தடவையாவது கட்டத் தெரிஞ்ச ஆளா பாத்துக் கட்டச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் தலை குனியவில்லை. நேராக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தி டீச்சர் அதைக் கவனித்தாள். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய், ஆணிகளோடு சேர்த்து அந்தப் படத்தைப் பிய்த்தாள். ஒரு மூலை கிழிந்து சுவரிலேயே தங்கிவிட்டது.

"இது என் கை" என்றாள். "கயிறு நீளமா இருக்கணும்னு எனக்குத் தெரியும். படம் அழகா வரணும்னு இழுத்துக் கட்டினேன். அந்த அளவுக்குத்தான் கயிற வெட்டி உங்களுக்கு அனுப்பினோம். அண்ணன் என்கிட்ட கேக்க வந்தாரு. படத்துல இருக்கிற மாதிரியே கட்டுங்கன்னு சொல்லிட்டுப் படகேறினேன். அவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு. உங்க பாத்திய முழுகடிச்சது நான். அறிக்கையில உங்க தப்புன்னு எழுதி, அதுக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இன்னிக்குப் போய் அத மாத்தி எழுதிக் குடுக்கப்போறேன். என்ன ஆகும்னு தெரியல. திட்டம் நின்னாலும் நின்னுடும்."

அடிக்க வருவார்கள் என்று நினைத்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறுக்குச்சால் கிழவர்தான் எழுந்தார். இதற்கும் எதிராக ஏதாவது சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் வெவரமாக் கட்டலடா" என்றார். "எருமைக் கயிற வெட்ட மனசு வரல, அவ்வளவுதான். தெரிஞ்சு கட்டினவன் மாதிரி ஒரு வருஷமாப் பேசிக்கிட்டுத் திரியிறேன். அவனப் பத்தி அதிகமாப் பேசினதும் நான்தான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, கதவோரம் பார்த்தார். முடிச்சுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பாத்தி டீச்சர் அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் சாய்த்துவைத்த துடுப்பு. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரிஞ்சே..."

"எனக்கும் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"கயிறு குட்டைன்னு. அன்னிக்கே வந்து சொன்னாரு. ‘இது பத்தாதுடி, தண்ணி ஏறினா முழுகிடும்’னாரு. டீச்சர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானேன்னேன். ‘போனேன், நாலு பேரு நின்னாங்க. படிச்ச புள்ள, அவங்க முன்னாடி போயித் தப்புன்னு சொன்னா அதுக்கு எப்படி இருக்கும்? இப்பத்திக்கு அது சொன்ன மாதிரியே கட்டிடுறேன். மேலாபீசுல இருந்து பாக்க வர்றாங்களாம், வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சத்தமில்லாம மாத்திடுறேன்’னாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை பாக்க வர்றதா இருந்தாங்க. செவ்வாக்கிழமை தண்ணி வந்துருச்சு."

"ஊரு உங்கள இத்தனை பேச்சுப் பேசிச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லாதேன்னாருல்ல" என்றாள் அவள். அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவையில்லை என்பதுபோலச் சொன்னாள். "அவரு கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான்."

மூட்டையின் வாயை அவிழ்க்க அவளுக்குச் சிரமமாக இருந்தது. முடிச்சு அவருடையது. நகத்தால் நெம்பி நெம்பி, ஒருவழியாக அவிழ்த்துக் கொட்டினாள். கயிறுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருட்டி, ஒரு நுனியில் முளையில் மாட்டுவதற்கு வளையம் போட்டு, சீராக அடுக்கியிருந்தது. பாத்தி டீச்சர் தரையில் உட்கார்ந்து எண்ணினாள். முப்பத்தெட்டு. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய், திரும்பி வந்து, இன்னும் மிச்சம் இருந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, பெற்றவரைப் பறிகொடுத்தவள்போல வாய்விட்டு அழுதாள்.

முடிச்சுக்காரரின் மனைவி அவளை அழவிட்டாள். அழுது ஓய்ந்தபோது, சுருள்களை மறுபடி சாக்கில் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"திட்டம் இருந்தாலும் இல்லாட்டியும், ஆகாயத்தாமரைக்கா பஞ்சம்? பாத்திய நாங்களே போட்டுக்கிறோம். எழுந்திரிங்க டீச்சர். அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, சங்கத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடலாம்."

"எல்லாருக்கும் நீளம் பத்துமாம்மா?" என்று கேட்டாள் பாத்தி டீச்சர். வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பத்தும்" என்றாள் அவள். "அவரு அளந்தது."